படிக்காமல் அழிக்காதே!



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் கொஞ்சம் இருக்கும். வகுப்பில் என் குரல் எப்போது உயரும் என்று உங்களுக்குத் தெரியும். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதியவனைப் பார்த்தால்தான் உயரும். இப்போதும் அதே காரணம்தான்.

நம் பக்கத்துக் கணினி பழுது பார்க்கும் கடைகளில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "லினக்ஸா சார்? அதுதான் பிரச்சினையே. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்." வைஃபை வரவில்லையா, இதே பதில். பிரிண்டர் ஓடவில்லையா, இதே பதில். திரை கறுப்பாக நிற்கிறதா, அதற்கும் இதே பதில். பத்துக் கேள்விக்கும் ஒரே விடை எழுதும் பையனுக்கு நான் முப்பத்து நான்கு வருடத்தில் ஒருமுறைகூட மதிப்பெண் போட்டதில்லை. இவர்களுக்கு நாம் பணமும் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

என் அக்கா பேத்தி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். அவள் தாத்தா, அதாவது எங்கள் அத்தான், அறுபது வருடம் ஏர் பிடித்தவர். நெல் வகை, மண் வகை, மாட்டின் சுழி, ஏற்றப்பாட்டு என்று அவர் வாயால் சொன்ன சொற்களையெல்லாம் தன் ஆய்வேட்டுக்காகப் பதிவுசெய்து மடிக்கணினியில் வைத்திருந்தாள். ஏறக்குறைய பதினோரு மணி நேரம். போன தையில் அத்தான் தவறிவிட்டார். சித்திரையில் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் லினக்ஸைப் பார்த்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டார். அதன்பிறகும் வைஃபை வரவில்லை! "கார்டு போயிடுச்சு" என்று சொல்லி, வெளியே செருகும் வைஃபை துண்டு ஒன்றையும் விற்றார். எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.

அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடித்தேன். 'ஹார்டு பிளாக்ட்: யெஸ்' என்று வந்தது. வைஃபையைக் கையால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மடிக்கணினியின் ஓரத்தில் நகத்தளவு நகர்த்துப் பொத்தான் ஒன்று இருந்தது. தள்ளினேன். வைஃபை வந்துவிட்டது.

அத்தானின் குரல் வரவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை இரண்டு நாள் ஓட்டியதில் சில கோப்புகள் அரைகுறையாகக் கிடைத்தன. மற்றவற்றின் மேல் புதிய மென்பொருள் எழுதப்பட்டுவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துக் கீழே இருந்ததைப் படிக்க முடியாது.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஒரு கடையைத் திட்டுவதற்காக எழுதவில்லை. படிக்காமல் அழிப்பது ஒரு தொழில்முறையாகவே மாறிவிட்டது. அதைத்தான் எதிர்க்கிறேன்.

லினக்ஸ் மற்ற எதையும்விட வெளிப்படையாகத் தன் நோயைச் சொல்லும். சொல்வதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. நான் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கடவுச்சொல் சரியாகப் போட்டும் உள்ளே போகாமல் திரும்பவும் அதே இடத்துக்கு வருவது. "சிஸ்டம் கரப்ட்" என்பார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, டிஎஃப் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு ஹெச் அடியுங்கள். வட்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று இயந்திரமே சொல்லும். அந்த ஐந்து சொல்லும் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம். அதைப் படிக்க எந்தப் பொறியாளர் வேண்டும்? வேண்டாத படங்களை வெளியே எடுத்து, சூடோ ஆப்ட் கிளீன் என்று அடித்தால், இறக்கி வைத்த பழைய மென்பொருள் பொதிகள் நீங்கி மூச்சு விட இடம் கிடைக்கும்.

இரண்டாவது, மின்வெட்டு. நம் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மேசைக்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், மறுபடி போட்டால் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு சொல்லோடு நிற்கும். "ஹார்டு டிஸ்க் அவுட்" என்பார்கள். அதற்கு மேல்வரியைப் பாருங்கள். 'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி' என்று இருக்கும், எந்தப் பகுதியில் என்றும் எழுதியிருக்கும். கோப்பு அடுக்கில் பிசகு வந்திருக்கிறது, இந்தக் கட்டளையைக் கொடுத்துச் சரிசெய் என்று நோயாளியே மருந்துச்சீட்டு எழுதி நீட்டுகிறார். எஃப்எஸ்சிகே, பிறகு அந்தப் பகுதியின் பெயர். பெரும்பாலும் அதோடு எழுந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் வட்டு உண்மையிலேயே தேய்கிறது. முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பின்னால் நிற்கும். "பேட்டரி போச்சு, மதர்போர்டையும் பார்க்கணும்" என்பார்கள். எவ்வளவு பின்னால் என்று ஒருவரும் கேட்பதில்லை. சரியாக ஐந்தரை மணி நேரம்! இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று சமூக அறிவியலில் நான் கேட்டு, நீங்கள் சொன்னது மறந்துவிட்டதா? லினக்ஸ் உள்கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்திருந்தால் என்றோ ஒரு பழைய தேதிக்குப் போகும், கணக்காக ஐந்தரை மணி நேரம் தவறாது. டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையால் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸிடம் சொல்லிவிட்டால் முடிந்தது. செலவு சுழியம்.

நான்காவது, விண்டோஸ் பக்கத்துக் கோப்புறை லினக்ஸில் திறக்காமல் அடம்பிடிப்பது, அல்லது திறந்தாலும் எழுதவிடாதது. விண்டோஸை நாம் அணைக்கும்போது, வேகமாக எழ வேண்டும் என்பதற்காக அது முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் வட்டில் கை வைத்தால் கோப்புகள் கெடும் என்பதால் லினக்ஸ் மறுக்கிறது. நம் பொருளைக் காப்பாற்றுகிறதே, அதைப் போய்க் குறை சொல்கிறோம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே விண்டோஸை அணையுங்கள், அல்லது அந்த வேகத் தொடக்க வசதியையே நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது, நம் ஆசிரியர்கள் சொல்வது. "பழைய வினாத்தாளைத் திறந்தால் கிறுக்கலாக வருகிறது, லினக்ஸில் தமிழ் வராது." வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் கிறுக்கலாகத்தான் வரும், விண்டோஸிலும்கூட. ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டால் எதிலும் திறக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு, நான் அதில்தான் இதை அடிக்கிறேன்.

"சார், இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். எல்லாம் தெரிய வேண்டாம். ஒரே ஒரு சோதனை போதும். எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டுவோ மின்ட்டோ ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது அந்தப் பென்டிரைவில் இருப்பது போய்விடும், காலியானதை எடுங்கள். கணினி மக்கர் செய்தால் அதிலிருந்து கிளப்பி, நிறுவாமல் சும்மா ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒலி வரவில்லை, வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் பொருளில் கோளாறு, அல்லது அதற்குரிய இயக்கி இல்லை. அங்கே எல்லாம் வந்தால் பொருள் நல்லபடியாக இருக்கிறது, வட்டில் உள்ள மென்பொருளில்தான் பிசகு. அதே பென்டிரைவை வைத்து உங்கள் கோப்புகளையும் வெளியே எடுத்துவிடலாம். கடைக்காரர் இதைச் செய்ய இருபது நிமிடம் ஆகும். அழித்துப் போட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அழிப்பதற்குக் கூலி கேட்கலாம், பொத்தானைத் தள்ளியதற்கு எப்படிக் கேட்பது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

நியாயமும் பேச வேண்டும். லினக்ஸில் எல்லாம் ஓடும் என்று நான் சொல்லமாட்டேன். சில கைரேகை உணரிகளுக்கு இயக்கியே கிடையாது. சில பிரிண்டர்கள் வாங்கிய அன்றிலிருந்து வீண்தான், வாங்குமுன் விசாரிக்க வேண்டும். பிராட்காம் வைஃபை சில்லு உள்ள சில மடிக்கணினிகளில் தனியாக இயக்கி நிறுவ வேண்டியிருக்கும். அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற கோழி முட்டைக் கதை வேறு. கைபேசியை வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்தால் அதுவும் தீரும். டேலியில் கணக்கு எழுதிப் பிழைப்பவரிடம் போய் லினக்ஸுக்கு மாறு என்று நான் சொன்னதில்லை. அவரவர் வேலைக்கு அவரவர் கருவி.

ஆனால் மாற்றாக எதைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா? திருட்டு நகல்! அதை ஏமாற்றி ஓடவைக்க ஒரு 'ஆக்டிவேட்டர்'. அது வேலை செய்வதற்காக நச்சுநிரல் காவலையும் அணைத்து வைப்பார்கள். வாசல் பூட்டை உடைத்துவிட்டு, "புதுக் கதவு போட்டிருக்கேன்" என்று கூலி வாங்குவது இது. அந்தக் கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நன்றாக ஓடும் எத்தனையோ இயந்திரங்கள் இந்தக் கணக்கில் தேறாது. பழைய இரும்புக்குப் போடப் போகிறீர்களா? வன்வட்டை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டு, இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் பிள்ளைகள் படிக்க இன்னும் ஐந்து வருடம் உழைக்கும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல இயந்திரங்களில், சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை ஒருநாளாவது திறந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. அந்தப் பிள்ளைகளால் முடிகிறது, நம் பிள்ளைகளால் முடியாதா?

கடைசியாக, சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு குட்டு. நீங்கள் தினமும் லினக்ஸ் சர்வரில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறீர்கள். உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகள் எல்லாமே 2017 முதல் லினக்ஸில் ஓடுவதும் உங்களுக்குத் தெரியும். ஊரில் உங்கள் சித்தப்பா ஒரு சந்தேகம் கேட்டால் மட்டும், "கூகுள்ல தேடுங்க, இதுகூடத் தெரியாதா?" என்கிறீர்கள். அவர் கடைக்குப் போவதற்கு நீங்களும் ஒரு காரணம். அகர வரிசை தெரியாமல்தான் நீங்களும் என்னிடம் வந்தீர்கள். நான் சிரித்தேனா?

ஆகவே எல்லோரும் மூன்று காரியம் செய்யுங்கள். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், "என் கோப்புகளை எடுத்து வைக்காமல் அழிக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரையில் வரும் செய்தியைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் பெரியவர்களின் குரலையும் படத்தையும் இன்றைக்கே இரண்டாவது இடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். கணினியை மறுபடி வாங்கலாம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மடிக்கணினியோடு வாருங்கள். கட்டணம் கிடையாது, திட்டு கொஞ்சம் உண்டு. அழிப்பது மட்டும் கிடையவே கிடையாது. விடுமுறையில் ஊருக்கு வரும் மென்பொருள் பிள்ளைகள் நம் பள்ளிக் கணினி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே பெயர் எழுதுங்கள். வருகைப்பதிவு எடுக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்