ஏழு சட்டை போட்ட சடுகுடு வீரர்

தை பிறந்தால் போதும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் சடுகுடுக் களம் தயாராகிவிடும்.

செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரொட்டி தெரியும். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, கோப்பை கொடுப்பவர் இன்னார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இழுப்பார்கள். பொழுது சாய்ந்தால் விளக்கு எரியும். விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

அந்தக் களத்தில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஓர் அணிக்கு ஏழு பேர். ஆறு பேர் உள்ளூர்ப் பிள்ளைகள். ஏழாவது ஆளை மட்டும் யாருக்கும் தெரியாது.

"யாருப்பா அது, புதுசா இருக்கு?"

"வெளியாளு மாமா. பாடிப் போறதுக்குக் கூட்டியாந்திருக்கோம்."

பஸ் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அவ்வளவுதான் ஒப்பந்தம். அன்று இரவு அந்த ஊருக்காக மூச்சைப் பிடித்துப் பாடுவார். நாளை வேறு ஊர், வேறு சட்டை. இன்று யாரைத் தொட்டு வெளியேற்றினாரோ, நாளை அவர்கள் அணியிலேயே அவர் ஆடினாலும் ஆடுவார்.

இந்த வெளியாள்தான் விளையாட்டு உலகத்தின் உண்மையான உழைப்பாளி. ஆனால் அவர் உழைத்த வருடங்களை எழுதி வைக்க ஒரு கணக்குப் புத்தகம் இல்லை. அது இருக்க வேண்டும்.

ஏலம் வந்தது

2014-ம் ஆண்டு ஜூலை மாதம் புரோ கபடி லீக் தொடங்கியது. அன்று 8 அணிகள். 2017-ல் 12 அணிகள் ஆயின. தமிழ் தலைவாஸ் வந்தது அப்போதுதான். மண் போய் மெத்தை விரிப்பு வந்தது. ஒருவர் பாடிப் போய்வர 30 வினாடி என்று கடிகாரம் வந்தது. டெலிவிஷன் வந்தது. கூடவே ஏலமும் வந்தது.

முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அப்போது ஊரே வாயைப் பிளந்தது. 2023 ஏலத்தில் பவன் செராவத் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்குப் போனார்! ஒன்பதே ஆண்டில் இருபது மடங்கு.

ஆனால் அதே ஏலத்தில் கடைசிப் படியில் நின்றவருக்கு ஆரம்ப விலை 9 லட்சம். உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 29 மடங்கு. அந்த 9 லட்சத்துக்கும் யாரும் கை தூக்காவிட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உச்சியில் இருப்பவரைப் பற்றிக் கவலையில்லை. அடியில் இருப்பவரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தஞ்சைச் சீமைக்காரர்

தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துக்காரர். பிறந்தது 1975. லீக் தொடங்கியபோதே வயது 39. மற்றவர்கள் பயிற்சியாளராகப் போகும் வயதில் இவர் ஆட வந்தார்.

முதலில் பெங்களூரு. பிறகு தெலுங்கு டைட்டன்ஸ். பிறகு பாட்னா. 2016-ல் லீக் இரண்டு முறை நடந்தது. அந்த ஓர் ஆண்டிலேயே இரண்டு சட்டை. 2017-ல் புனே. 2018-ல் மும்பை. 2019-ல் அரியானா. கடைசியாக ஜெய்ப்பூர். ஆக, ஏழு சட்டை!

போன இடமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தாரா? இல்லை. 2016 ஜூலையில் பாட்னா அணி கோப்பையை வென்றபோது அதன் தலைவர் இவர்தான். இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று மடக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை. இந்தியா ஈரானை 38-29 என்று வென்றது. அந்த இந்தியக் குழுவிலும் இவர் இருந்தார். வயது 41.

ஒரு விசித்திரம். இந்த ஏழு சட்டையில் தமிழ்நாட்டு அணியின் சட்டை ஒன்றுகூட இல்லை. தமிழ் தலைவாஸ் வந்த பிறகும் அவரை ஆட அழைத்தவை புனேயும் மும்பையும் அரியானாவும்தான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஏலத்துக்கு ஊர்ப்பாசம் தெரியாது.

46 வயதிலும் சேரலாதன் களத்தில் நின்றார் என்றால், அதற்கு அவர் நின்ற இடமும் ஒரு காரணம். அவர் பிடிப்பவர். மூலையில் காத்திருந்து, வருபவரின் காலைக் கவ்வ வேண்டும். அதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். வயது ஏற ஏற அவை கூடத்தான் செய்யும்.

பாடிப் போகிறவர் கதை வேறு. தனி ஆளாக ஏழு பேர் நடுவில் நுழைய வேண்டும். தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஏழு பேரும் மேலே விழுவார்கள். அவருடைய மூலதனம் முழங்கால். அது ஏற ஏறத் தேயுமே தவிர, வளராது. 46 வயதில் பாடிப் போகிறவரை எந்த லீக்கிலாவது பார்க்க முடியுமா?

கே. பிரபஞ்சனைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாட்டுக்காரர். 2017-ல் தமிழ் தலைவாஸ். 2018-ல் குஜராத், அந்த அணி 2019 ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை போய், பெங்களூருவிடம் 38-33 என்று தோற்றது. கோப்பை கைக்கு எட்டி வாய்க்கு எட்டவில்லை. அடுத்த ஏலத்தில் அரியானா. 2021-ல் மறுபடியும் தமிழ் தலைவாஸ். ஒவ்வோர் ஏலத்திலும் விலாசம் மாறுகிறது. சுமக்கும் உடம்பு மட்டும் அதேதான்.

அமெரிக்காவிலும் ஒரு வெளியாள்

அமெரிக்கக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதில் "ரன்னிங் பேக்" என்று ஒருவர். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் 11 பேரின் சுவருக்குள் புகுந்து ஓடுவது அவர் வேலை. நம் ஊர்ப் பாட்டுக்காரருக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். இடி ஒன்றே, முழங்கால் ஒன்றே, 30 வயது ஆனால் கிழவர் என்று ஒதுக்குவதும் ஒன்றே.

அங்கே ரஹீம் மோஸ்டர்ட் என்று ஒரு வீரர். 2015-ல் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் இவரை எடுக்கவில்லை. பிறகு ஓர் அணி சேர்த்தது, வெளியே அனுப்பியது. இன்னோர் அணி சேர்த்தது, அதுவும் அனுப்பியது. இப்படிப் பிலடெல்பியா, மியாமி, பால்டிமோர், கிளீவ்லாந்து, நியூயார்க், சிகாகோ என்று ஆறு அணிகள் கைகழுவின. அவர்கள் வெளியேற்றிய தேதிகளை எல்லாம் குறித்து வைத்து, ஆட்டத்துக்கு முன்னால் எடுத்துப் பார்ப்பாராம்.

ஏழாவதாக 2016 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ சேர்த்துக்கொண்டது. 2020 ஜனவரி 19-ந் தேதி, இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில், மோஸ்டர்ட் 220 கெஜம் ஓடினார். நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டினார். ஆறு அணிகளும் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று!

2021-ல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அந்த ஆண்டு முழுவதும் வீடுதான். 2022-ல் அவரை எடுத்தது யார் தெரியுமா? முன்பு கைகழுவிய அதே மியாமி. 2023-ல், 31 வயதில், 21 முறை எல்லைக்கோட்டைத் தாண்டி எல்லோரையும் அசத்திவிட்டார்.

இது நல்ல கதை. ஆனால் இந்தக் கதையில் நமக்கு வேண்டியது அந்த 21 அல்ல. வேறு ஓர் எண் இருக்கிறது.

மூன்று

அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு 1956-லிருந்து சங்கம் இருக்கிறது. அணி முதலாளிகளோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். அதில் ஒரு விதி: ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்காவது அணிப் பட்டியலில் பெயர் இருந்தால், அது ஒரு வருடச் சேவை. அப்படி மூன்று வருடம் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. எந்த அணியில் ஆடினாய் என்று கேட்பதில்லை. மூன்று வருடமும் மூன்று அணியில் ஆடியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கணக்கு அணியின் பெயரில் இல்லை; ஆளின் பெயரில்.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2023 ஜூலையில் அங்குள்ள ரன்னிங் பேக்குகளே, தங்கள் உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லை என்று கூடிப் பேசினார்கள். ஆனால் இந்த ஒரு விதி நல்ல விதி. அதை இரவல் வாங்குவதில் வெட்கமில்லை.

நம் நாட்டிலும் இது புதிது அல்ல. ஒரு மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போகும் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டு கணக்கு அவரோடு போகிறது. அதற்கு 1952-லேயே சட்டம் வந்துவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்னும் பொருத்தமான உதாரணம் இருக்கிறது. அதுதான் தெருக்கூத்து. செய்யாறு பக்கம் புரிசை கிராமத்தின் பெயர் கூத்தினாலேயே ஊர் அறிந்தது. கூத்துக் குழுவை இங்கே ஜமா என்பார்கள். ஒரு ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர், அடுத்த ஆண்டு வேறு ஜமாவில் சேர்ந்து வேறு ஊர்த் திரௌபதை அம்மன் திருவிழாவில் ஆடுவார். அவரும் ஒரு வெளியாள்தான். ஆனால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தால், அட்டை அவர் பெயரில் இருக்கும். ஜமாவின் பெயரில் அல்ல. ஜமா மாறினாலும் அட்டை மாறாது. அது தரும் உதவி போதுமா என்பது தனி வழக்கு. முறை சரியானது.

கூத்து ஆடுகிறவருக்கு உள்ள அட்டை, சடுகுடு ஆடுகிறவருக்கு ஏன் கூடாது?

"சர்க்கார் உதவி இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய சர்க்கார் ஓய்வூதியம் தருகிறது. நலிந்துபோன முன்னாள் வீரர்களுக்கு மாநில சர்க்கார் தருகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் பதக்கம் வென்றவருக்கு ஒரு வழி, நலிந்துபோனவருக்கு ஒரு வழி என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், பத்து வருடம் ஒழுங்காக ஆடிவிட்டுப் பதக்கமும் இல்லாமல், பிச்சையும் எடுக்காமல் நிற்கிறாரே, அவருக்கு வழி என்ன? நலிந்துபோன பிறகுதான் மனுப் போட வேண்டுமா?

"9 லட்சம் சும்மாவா?" என்றும் கேட்பார்கள். சும்மா இல்லை. ஆனால் அது மாதச் சம்பளமும் அல்ல. அடுத்த ஏலத்தில் பெயர் வருமா என்பது முழங்காலுக்குத்தான் தெரியும். பவன் செராவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் தமிழ் தலைவாஸ் அவரை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. அவர் பெரிய பெயர். அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம், ஏலத்தில் முன்னைவிட அதிக விலை! அதே அடி 9 லட்சக்காரருக்குப் பட்டிருந்தால் அடுத்த ஏலத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார்களா?

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. லீக்கில் சேரும் ஒவ்வொரு வீரர் பெயரிலும் ஒரு கணக்குத் திறக்கட்டும். வீரர் ஒரு பங்கு, அணி ஒரு பங்கு, டெலிவிஷன் வருமானத்திலிருந்து ஒரு பங்கு. சட்டை மாறினாலும் கணக்கு எண் மாறக்கூடாது. மூன்று பருவம் முடித்தவருக்கு, ஆட்டத்தை விட்ட பிறகு மாதாமாதம் ஒரு தொகை. அணி முதலாளிகளுக்கு இது பெரிய பாரம் இல்லை. ஓர் ஏலத்தில் உச்சி விலை கொஞ்சம் இறங்கினாலே போதும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒலிபெருக்கிக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்து, அன்று ஆடும் அத்தனை பேருக்கும் விபத்துக் காப்பீடு கட்டலாமே! களத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிற்க வைக்கலாமே! உள்ளூர்ப் பையனுக்குக் கால் பிசகினால் தாயார் ஒத்தடம் கொடுப்பார். வெளியாளுக்குப் பிசகினால் யார் கொடுப்பது?

பொங்கல் ஆட்டம் முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பிள்ளைகள் தெருத் தெருவாக ஊர்வலம் போவார்கள். வெடிச் சத்தம் கேட்கும்.

வெளியாள் அந்த ஊர்வலத்தில் இருக்க மாட்டார். முழங்காலில் கட்டிய பட்டையை அவிழ்க்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருவண்ணாமலை போகும் முதல் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருப்பார். அன்று இரவு அவருக்கு வேறோர் ஊரில் ஆட்டம் இருக்கும்.