குற்றம் நாயினுடையது அன்று

நாய்களைத் தடை தாண்டச் செய்து பரிசளிக்கும் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "இதுவும் ஒரு விளையாட்டா?" என்று நகைப்போர் நம்மிடையே உளர். சர்க்கஸ் கூடாரத்தில் கரடி மிதிவண்டி ஓட்டுவதைப் போன்றதே இஃது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் தவறு என்பதையும், இப்போட்டியில் உண்மையில் சோதிக்கப்படுவது நாயன்று, அதனை நடத்திச் செல்லும் மனிதனே என்பதையும் மாணவ மணிகளுக்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகிறேன்.

இப்போட்டிகளில் பெரிய நாய்களுக்கான பிரிவில் மிகுதியாக வெற்றி பெறுவது பார்டர் கோலி எனும் இனமாகும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பாங்கான எல்லைப்புறத்தில் ஆடு மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த இனம் அது. 1893ஆம் ஆண்டில் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' எனும் நாயே இவ்வினத்தின் மூதாதையாகப் போற்றப்படுகிறது. நல்ல பார்டர் கோலி ஆட்டைக் கடிப்பதில்லை; குரைத்து வெருட்டுவதும் அரிது. தலையைத் தாழ்த்தி, உடலைப் பதுக்கி, கூர்ந்து நோக்கும். அந்நோக்கிற்கே மந்தை நகரும். தொலைவில் நின்று மேய்ப்பன் ஊதும் சீழ்க்கையைக் கேட்டு மந்தையை வளைத்து அவனிடம் கொணர்ந்து சேர்க்கும். 'கம் பை' என்றால் கடிகார முள் செல்லும் திசையில் மந்தையைச் சுற்றும். 'அவே' என்றால் எதிர்த்திசையில் சுற்றும். மாலையில் பத்து ஆடுகளைப் பட்டியில் அடைப்பதற்குள் நாம் படும் பாட்டை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய வேலைக்கார நாய்களுக்கும் பிறவற்றுக்கும் பொருத்தமான ஒரு விளையாட்டு 1978ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பியா அரங்கில், கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் பிறந்தது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி என்பவர் குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை மனத்திற்கொண்டு, பீட்டர் மீன்வெல் எனும் பயிற்சியாளரின் துணையோடு அதனை வடிவமைத்தார். பார்வையாளரின் பொழுதுபோக்கிற்காகத் தொடங்கிய அஃது, ஈராண்டுகளுக்குள் அங்கீகாரம் பெற்ற போட்டியாயிற்று. 1996ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் உலகப் போட்டியே நடைபெற்றது.

போட்டிக்களத்தில் தாண்டுவதற்குக் குறுக்குக் கம்புகள், நுழைந்து ஓடுவதற்குக் குழாய்கள், ஏறி இறங்குவதற்குச் சரிவுப் பலகைகள், ஒரு முனை தரையைத் தொடும்வரை காத்திருந்து இறங்க வேண்டிய ஏற்றப்பலகை, பாம்புபோல் வளைந்து செல்வதற்கு 12 கழிகள் எனப் பலவும் உண்டு. இவற்றின் வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். நாய்க்கு அவ்வரிசை தெரியாது. மனிதன் மட்டுமே முன்னதாகக் களத்தில் நடந்து அதனை மனப்பாடம் செய்துகொள்வான். பிறகு நாயோடு கூடவே ஓடி, சொல்லாலும் கையசைவாலும் வழிகாட்ட வேண்டும். நாயைத் தொடுதல் ஆகாது, கயிறு இல்லை, கையில் தின்பண்டமும் இருத்தல் கூடாது.

இங்கேதான் என் கருத்தின் உயிர்நிலை உள்ளது. ஓடும் நாய் தலைவனின் குரலைக் காட்டிலும் அவன் தோள் திரும்பும் பக்கத்தையும் பாதம் நோக்கும் திசையையும் கவனிக்கிறது. தோளை அரை நொடி முன்னதாகத் திருப்பினால் போதும், நாய் அடுத்த கம்பை விட்டுவிட்டு அவன் காட்டிய பக்கமே பாயும். காண்போர் "நாய் தவறிவிட்டது" என்பர். உண்மையில் நாய் சொன்னபடி செய்தது, சொன்னதுதான் தவறு. ஆதலின், பிழை நேர்ந்தபின் நாயை அதட்டுவோனைக் கண்டால் எனக்கு இரக்கம் வருவதில்லை. அடித்துப் பழக்கிய நாய் தலைவனைப் பார்த்துப் பார்த்துத் தயங்கும். தயங்கும் நாய் விரைந்தோடாது. ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இவ்வுண்மை சற்றுச் சுடவே செய்யும்.

விதிகளும் நாயின் பக்கமே நிற்கின்றன. சரிவுப் பலகைகளின் கீழ்ப்பகுதி வேறு வண்ணத்தில் பூசப்பட்டிருக்கும். அதில் நாயின் பாதம் படாவிடில் தண்டனைப் புள்ளிகள் 5. உயரத்திலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்ளாமல் நாய் கீழ்வரை ஓடி இறங்க வேண்டும் என்பதற்காகவே இவ்வேற்பாடு.

வெற்றிச் செய்திகளைக் கேட்டுவிட்டு, "நாமும் ஒரு பார்டர் கோலி வாங்கினால் என்ன?" என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவேன். நாளெல்லாம் மலையேறி உழைப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. வேலையின்றிச் சங்கிலியில் கட்டிவைத்தால் ஓயாது குரைக்கும்; கையிற் கிட்டியதைக் கடித்துக் குதறும்; மிதிவண்டியையும் ஓடும் சிறுவரையும் ஆட்டு மந்தையென எண்ணித் துரத்தும். அடர்ந்த உரோமத்தோடு நம் நாட்டு வெயிலில் நண்பகலில் ஓடச் செய்வதோ பெருங்கொடுமை. வாங்கியவர் சில திங்களில் சலிப்புற்று அதனைத் துரத்திவிட்டால் அதற்கும் நாயையே குறை கூறுவர். பதக்கத்திற்காக நாய் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். நாள்தோறும் காலையும் மாலையும் அதனோடு நடக்கவும் ஓடவும் பழகவும் நேரம் உடையவர் வாங்கட்டும். அத்தகையோர்க்கு விலையுயர்ந்த இனந்தான் வேண்டும் என்பதுமில்லை. கலப்பின நாய்களும் பல போட்டிகளில் ஓடுகின்றன. உயரத்திற்கேற்பக் கம்பும் தாழ்த்தி வைக்கப்படுகிறது.

பதினெட்டுத் திங்கள் நிரம்பாத நாயைப் போட்டியில் இறக்கலாகாது என்றும் ஒரு விதி உண்டு. எலும்பு முதிராத குட்டி தாண்டிக் குதித்தால் மூட்டு கெடும். அதுவரை தலைவன், நாயில்லாமலே களத்தில் ஓடித் தன் தோளையும் பாதத்தையும் பழக்கிக்கொள்ளலாம்.