பரீட்சை மூளைக்கா, மடிச்சீலைக்கா?

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போடுகிற தோழர்களுக்கும், திண்டிவனம் அரிசி ஆலைகளில் களம் கூட்டுகிற தாய்மார்களுக்கும் சென்னை - திருச்சி ரஸ்தாவின் ஓரம் நிற்கும் அந்தப் பெரிய கட்டிடம் தெரியாமலிராது. 2010இல் நூறு மாணவர்களுக்கு இடம் வைத்துத் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி அது. பாம்பு தீண்டினாலும், பெல்ட்டில் கை சிக்கினாலும், பிரசவம் சிக்கலானாலும் நம் ஜனங்கள் ஓடுவது அங்கேதான். வரிசையில் நின்று நோயாளிச் சீட்டு வாங்க நமக்கு ஒரு தடையும் கிடையாது. ஆனால் அதே கட்டிடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நம் பிள்ளை ஒன்று நடக்க வேண்டுமானால், அதற்கு என்ன வேண்டும்? இதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறோம்.

ஏனென்றால், கிராமங்களுக்குப் போகிறபோதெல்லாம் ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. “எம் பொண்ணு நல்லாத்தான் படிச்சுது தோழர். நீட்டுல மார்க்கு வரல. நமக்கு மூளை அவ்வளவுதான்!” முதலாளி பத்திரிகைகள் நூறு தலையங்கம் எழுதியும் சாதிக்க முடியாததை இந்த ஒரு பரீட்சை சாதித்துவிட்டது. கூலியைக் குறைத்தால் மில்காரனைத் திட்டத் தெரிந்த நம் தோழர், பிள்ளைக்கு இடம் மறுத்தால் பிள்ளையின் தலையைக் குறை சொல்கிறார்! இந்தப் பொய்யை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது யார்?

கனவான்கள் சொல்லும் கதை நமக்குத் தெரியும். “கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதானே? ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்றா அச்சடித்தார்கள்? 180 கேள்வி, 720 மார்க், மூன்று மணி நேரம். தகுதியுள்ளவன் தேறுகிறான்.” கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவனைக் கட்டை வண்டியிலும் ஒருவனைக் காரிலும் ஏற்றிவிட்டுக் கோடு ஒன்றுதானே என்று கேட்கலாமா?

48 பேர்!

நாம் சொல்லுவதை நம்ப வேண்டாம். மாநில சர்க்காரே 2019 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டில் கொடுத்த கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். அவர்களில் தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் இடம் பெற்றவர்கள் எத்தனை பேர்? 48! நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இன்னொரு கணக்கும் அதிலே இருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்களில் மூவருக்கு இருவர், ஒரு முறைக்கு மேல் பரீட்சை எழுதியவர்கள்.

ஒரு முறைக்கு மேல் எழுதுவதென்றால் என்ன? பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு வருஷம், இரண்டு வருஷம், வேறெதுவும் செய்யாமல், ஒரு காசு சம்பாதிக்காமல், படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனுக்குச் சோறு வேண்டும், விடுதி வேண்டும், பயிற்சிக் கட்டணம் வேண்டும். பெரிய நிலையங்களில் இதற்கெல்லாம் வருஷத்துக்கு லட்ச ரூபாய்க்குக் குறைவாகக் கேட்பவரை நாம் பார்த்ததில்லை. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் நம் மாநிலத்தில் நாளொன்றுக்குக் கூலி 319 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, ஒரு பைசா பிடிக்காமல் தந்தாலும் 31,900 ரூபாய். ஒரு விவசாயக் கூலிப் பெண் மூன்று வருஷம் வயிற்றைக் கட்டி, மொத்தக் கூலியையும் எடுத்து வைத்தாலும் பிள்ளையின் ஒரு வருஷப் பயிற்சிக்குப் போதாது. இதிலே மூளை எங்கே வந்தது? ஒரு வருஷத்தை விலை கொடுத்து வாங்க முடிந்தவன் வாங்குகிறான். முடியாதவனின் பிள்ளை மறுநாளே செங்கல் சூளைக்கோ துணிக்கடைக்கோ போகிறது.

நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் சொல்லுகிறது. நீட் வருவதற்கு முந்திய ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் தமிழில் படித்தவர்கள் நூற்றுக்கு 14.88 பேர். 2020-21இல் அது 1.99! நாலே வருஷத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டிலேயே மூளை வற்றிப்போயிற்றா?

தமிழில் எழுதலாம் என்று அனுமதித்தார்களே என்பார்கள். அனுமதித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறோம். 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழையானது. சிறுத்தையைச் ‘சீத்தா’ என்று போட்டார்கள்! தோழர் டி.கே.ரங்கராஜன் வழக்குப் போட்டார். கேள்விக்கு நாலு வீதம் 196 மார்க் கொடு என்று மதுரையில் ஹைகோர்ட் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் அதை முதலில் நிறுத்தி வைத்தது, அதே ஆண்டிலேயே ரத்தும் செய்தது. தாளைத் தப்பாக அச்சடித்தவனுக்குத் தண்டனை இல்லை. தப்பான தாளில் எழுதிய பிள்ளைக்கு மார்க்கும் இல்லை. அதே பரீட்சைக்குத்தான் நம் பிள்ளைகளை கேரளத்துக்கும் ராஜஸ்தானத்துக்கும் விரட்டினார்கள். மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப்போன ஒரு தகப்பனார் பரீட்சை நாளன்றே அங்கே மாண்டார்.

அரியலூர் அனிதாவை நாடறியும். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 வாங்கியவர், சுப்ரீம் கோர்ட் வரை போய் நியாயம் கேட்டவர். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். மறு வருஷம் ஜூனில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே செஞ்சிப் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி தன் மகளைப் பறிகொடுத்தார். அந்தத் தாய் தகப்பனிடம் போய்த் தகுதி பற்றிப் பேச எந்தக் கனவானுக்குத் துணிச்சல் உண்டு?

பூஜ்யமும் தகுதிதான்!

சரி, தகுதி என்று இவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா? 2018 பரீட்சையில் பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி மார்க் 720க்கு 119. நூற்றுக்குப் பதினேழு கூட இல்லை. அந்த மார்க்கோடு நம் பிள்ளை முண்டியம்பாக்கம் கேட்டைத் தாண்ட முடியாது. ஆனால் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பேர் வைத்திருக்கும் கடையில் டாக்டர் படிப்பு படிக்கலாம். இதையும் மிஞ்சியது 2023. மேல்படிப்பு இடங்கள் விற்காமல் கிடக்கின்றன என்றதும் மத்திய சர்க்கார் என்ன செய்தது? தகுதி வரம்பைப் பூஜ்யமாக்கிவிட்டது! பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்தவர் எல்லோரும் தகுதியுள்ளவர்! கூலிக்காரன் மகளுக்கு முன்னால் இரும்புக் கதவாக நிற்கும் தகுதி, காலி இடமுள்ள முதலாளிக்கு முன்னால் வாசல் திரையாகிவிடுகிறது.

2024இல் பீஹாரிலும் ஜார்க்கண்டிலும் கேள்வித்தாள் வெளியேறிய கதையை, 67 பேர் 720க்கு 720 என்று பட்டியல் வந்த கதையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதில் நாம் அதிகம் நிற்கவில்லை. திருட்டே நடக்காவிட்டாலும் இந்தப் பரீட்சை நமக்கு எதிரானதுதான்.

இது இன்றைக்கு முளைத்த வித்தையுமல்ல. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர மொத்தம் 275 மார்க், அதிலே 75 மார்க் நேர்முகப் பேட்டிக்கு. விளையாட்டு, என்.சி.சி., உடல் வலு, பொதுத் திறன் என்று சில நிமிடங்களில் ஆளை எடை போட்டார்கள். பெரியகருப்பன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தேர்வைத் தள்ளியது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் சட்டசபை சட்டம் செய்து, ஜனாதிபதி சம்மதமும் பெற்று, அதை ஒழித்தது. அமெரிக்காவில் இன்றைக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் விளையாட்டு, தலைமைக் குணம் என்றெல்லாம் பார்த்துத்தான் எடுக்கின்றன. என்ன ஆயிற்று? 2019 மார்ச்சில் அங்கே பெருந்தனக்காரர்கள் பலர் பிடிபட்டார்கள். துடுப்பைத் தொடாத பிள்ளையைப் படகுப் பந்தய வீரன் என்று போட்டோ பிடித்து இடம் வாங்கியிருக்கிறார்கள்! வாசலின் பேர் மாறும். சாவி மட்டும் மடிச்சீலையில்தான் இருக்கிறது.

அப்படியானால் நீட் வருமுன் பொற்காலமா என்று கேட்கலாம். இல்லை. அப்போதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சொற்பமாகத்தான் உள்ளே போனார்கள். நாமக்கல் விடுதிப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்து மார்க் விற்றன. நீட் வந்ததும் அந்த வியாபாரிகள் பலர் பலகையை மட்டும் மாற்றிப் பயிற்சி நிலையமானார்கள். 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு நிறுவனத்தில் வருமான வரிக்காரர்கள் எண்ணியெடுத்த ரொக்கம் சுமார் 30 கோடி ரூபாய். ஆகவே பழைய முறையைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்பது போதாது. பள்ளிக்கூடத்தைக் கொடு, வாத்தியாரைக் கொடு என்று கேட்க வேண்டும்.

இடஒதுக்கீடு இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1987 செப்டம்பரில் இதே விழுப்புரம், திண்டிவனம் ரஸ்தாக்களில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்த ஜனங்கள் கேட்டது படிப்பிலும் உத்தியோகத்திலும் இடம்தான். 21 உயிர்கள் போயின. அந்த நாட்களில் சேரிக் குடிசைகள் எரிந்ததையும் நாம் மறக்கவில்லை. 1989இல் மிகவும் பிற்பட்டோருக்கு நூற்றுக்கு 20 கிடைத்தது. இன்றைக்கு அந்த இருபதுக்குள்ளேயும், ஆதி திராவிடர் பங்குக்குள்ளேயும் பயிற்சிக்குக் கட்ட முடிந்தவன் முந்துகிறான். காலனிக் கூலியின் பிள்ளையும் ஊர்க் கூலியின் பிள்ளையும் ஒரே கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். இதை இரண்டு தெருவிலும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டசபை 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. ஜனாதிபதியின் சம்மதம் மறுக்கப்பட்டதென்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். எட்டுக் கோடி ஜனங்களின் சபை இரண்டு முறை சொன்னதற்கு டில்லியின் மதிப்பு அவ்வளவுதான்!

கையில் இருப்பதை விடாதீர்கள்

இதற்கிடையில் போராடிக் கிடைத்த ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை. நீதிபதி கலையரசன் கமிஷன் பத்து என்றது. சர்க்கார் ஏழரை ஆக்கியது. கவர்னர் ஒன்றரை மாதம் கிடப்பில் போட்டு, 2020 அக்டோபர் 30ஆம் தேதிதான் கையெழுத்திட்டார். அதற்கு முந்திய ஆண்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளே உள்ளே போனார்கள். அந்த ஏழரையால் 2020இல் முந்நூறு பேருக்கு மேல் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. மூளை இல்லையென்று சொன்னார்களே, அந்தப் பிள்ளைகள்தான்!

தோழர்கள் இதை வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல வேண்டும். இந்த ஏழரை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்குத்தான் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் இலவச இடத்தில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தாலும் உண்டு. மற்றபடி, நல்ல படிப்பென்று நம்பி, வட்டிக்கு வாங்கி, ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை அன்றோடு போயிற்று. ஏழரையில் இடம் பெற்ற பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே கட்டுகிறது, தனியார் கல்லூரியானாலும்கூட. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன் ஒவ்வொரு கிளையிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். பள்ளியில் பௌதிகத்துக்கோ ரசாயனத்துக்கோ வாத்தியார் இல்லையென்றால் பெற்றோர் கையெழுத்து வாங்கி மாவட்டக் கல்வி அதிகாரியிடம் கூட்டமாகப் போங்கள். ஒருவராகப் போக வேண்டாம்.