இரண்டு வாரம் இங்கிலீஷ்! சனி, ஞாயிறு சுற்றுலா!

"சம்பளம் கிடையாது. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டும். தங்க இடம் உண்டு. சாப்பாடு உண்டு. சனி, ஞாயிறு ஊர் சுற்றிப் பார்க்கலாம்."

இப்படி ஓர் அழைப்பு உலகம் முழுவதும் செல்போனில் சுற்றுகிறது.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாட்டு வாலிபர்கள் இதை நம்பி மூட்டை கட்டுகிறார்கள். நேபாளம், கம்போடியா, தாய்லாந்து, கென்யா என்று போகிறார்கள். இந்தியாவுக்கும் வருகிறார்கள். சிலர் இரண்டு வாரம் இருப்பார்கள். சிலர் ஒரு மாதம் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கோயில், மலை, அருவி என்று கிளம்பி விடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பலர் சம்பளம் வாங்காதது மட்டும் அல்ல, கைக்காசையும் கொடுக்கிறார்கள்! அவர்களை அனுப்பி வைக்கும் கம்பெனிகள் அதற்குக் கட்டணம் வாங்குகின்றன.

இப்போது இந்த அழைப்பு நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேருகிறது. நாமகிரிப்பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மஞ்சள் விற்ற பணத்தில் மகளை பி.ஏ. இங்கிலீஷ் படிக்க வைத்தார் தகப்பனார். "அப்பா, தாய்லாந்துக்குப் போய் மூன்று மாதம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரட்டுமா?" என்று மகள் கேட்கிறாள். அவர் என்ன பதில் சொல்வது?

இரண்டு வாரத்தில் என்ன நடக்கும்?

வகுப்புக்குப் புதியவர் வருகிறார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "உன் பெயர் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்கிறார். பிள்ளைகள் சொல்கிறார்கள். பாட்டு உண்டு. விளையாட்டு உண்டு. போட்டோ உண்டு. அதற்குள் இரண்டு வாரம் முடிந்துவிடும்.

அடுத்து இன்னொருவர் வருகிறார். அவரும் "உன் பெயர் என்ன?" என்றுதான் தொடங்குவார். முந்தியவர் எதுவரை நடத்தினார் என்பது இவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் பாஷையும் தெரியாது. வருடம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் முதல் பாடத்தைத் தாண்டுவது இல்லை!

நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனவர். 1981-ம் ஆண்டில் பத்மஸ்ரீ பட்டம் பெற்றவர். "இரண்டு வாரத்தில் நாதஸ்வரம் கற்றுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் இந்த ஊரில் சிரிக்க மாட்டார்களா? பாஷை மட்டும் இரண்டு வாரத்தில் வந்துவிடுமா?

அந்தக் காலத்தில் எப்படி?

வெளிநாட்டுக்குப் போய் இனாமாகப் பாடம் சொல்லிக் கொடுப்பது புதிய வழக்கம் அல்ல.

இங்கிலாந்தில் 1958-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1961-ம் ஆண்டு ஜனாதிபதி கென்னடி "அமைதிப் படை"யை ஏற்படுத்தினார். அந்தப் படையில் துப்பாக்கி கிடையாது. சாக்குக்கட்டியும் புத்தகமும்தான் ஆயுதம். முதல் ஆண்டிலேயே கானாவுக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும் ஆசிரியர்கள் போனார்கள்.

அவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு வருடம் இருக்க வேண்டும். போகும் முன் பயிற்சி. அந்த நாட்டுப் பாஷையையும் கற்க வேண்டும். உள்ளூர்க்காரர்களைப் போல எளிமையாக வாழவேண்டும்.

அப்படி இருந்தும் ஒரு கடுதாசியால் பெரிய ரகளை நடந்தது!

1961-ம் ஆண்டு அக்டோபர் மாதம். நைஜீரியாவில் இபாதான் நகரம். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் பெண் தன் ஊர் நண்பருக்குத் தபால் கார்டு எழுதினார். 'இங்கே ஜனங்கள் நாகரிகம் இல்லாமல் வாழ்கிறார்கள்' என்ற பொருளில் எழுதிவிட்டார். தபாலில் சேர்ப்பதற்கு முன் கார்டு கை நழுவி விழுந்தது. அது கல்லூரி மாணவர் கையில் சிக்கியது. அவ்வளவுதான்! பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். மாணவர்கள் பொங்கி எழுந்தார்கள். அந்தப் பெண் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

அன்று ஒரு கார்டு. இன்று சனி, ஞாயிறு சுற்றுலா போனவர்கள் போடுகிற படங்கள் எத்தனை! கிழிந்த சட்டைப் பிள்ளையை அணைத்தபடி ஒரு படம். அந்தப் பிள்ளையின் தாயாரை யாராவது கேட்டார்களா?

இந்தியாவுக்கும் அமைதிப் படை வந்தது. 1961 முதல் 1976 வரை 4 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வந்து போனார்கள். விவசாயம், கோழி வளர்ப்பு, சுகாதாரம் என்று பல வேலைகள் செய்தார்கள். அவர்களில் ஒரு பாட்டியம்மாளும் உண்டு. பெயர் லில்லியன் கார்ட்டர். 68 வயதில் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து நர்ஸ் வேலை பார்த்தார். 1966 முதல் சுமார் இரண்டு வருடம் இருந்தார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்!

சென்னை ராஜ்யம் செய்த வேலை

அதே காலத்தில் சென்னை ராஜ்யத்தில் வேறு ஒரு முயற்சி நடந்தது. நம் மக்கள் இதை மறந்தே போனார்கள்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்றுத் தரும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் 27 ஆயிரம் பேர்! அத்தனை பேருக்கும் வெள்ளைக்கார நிபுணர்களை எங்கே தேடுவது?

முதலில் கொஞ்சம் ஆசிரியர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஜில்லாக்களுக்குப் போய் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பனிக்கட்டி உருண்டையை உருட்டினால் பெரிதாகிக்கொண்டே போகும் அல்லவா? அதனால் "மதராஸ் பனிப்பந்து" என்று வெளிநாட்டுப் பத்திரிகையிலும் இதைப் பற்றி எழுதினார்கள். அது 1962-ம் ஆண்டு.

இதிலும் குறை உண்டு. கைமாறக் கைமாறப் பாடம் நீர்த்துப் போகும். ஆனால் வெளிநாட்டுக்காரர் கப்பல் ஏறிய பிறகும் வகுப்பில் ஆசிரியர் இருந்தார். அவர் அந்த ஊர்க்காரர். அடுத்த ஆண்டும் வருவார். பிள்ளையின் தகப்பனார் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்காரர் நம் பள்ளிக்கு வரட்டும். வாத்தியாருக்குப் பக்கத்தில் நின்று உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கட்டும். வாத்தியாரின் நாற்காலியில் அவர் உட்காருவதுதான் தப்பு.

கொல்லிமலையில் இரண்டு பேர்

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்களா? இல்லை. நாமகிரிப்பேட்டையில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற கொல்லிமலையைக் கேளுங்கள்!

ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு. இங்கிலாந்துத் தம்பதிகள். 1913-ம் ஆண்டு கலியாணம் ஆனதும் மலை ஏறினார்கள். அன்று அங்கே கார் ரோடு ஏது? காய்ச்சல் பயத்தால் கீழ்நாட்டார் மலைக்குப் போகவே அஞ்சினார்கள். மதப் பணிக்கு வந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் தமிழ் பேசினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். மருந்து கொடுத்தார்கள். நரம்புச் சிலந்தி வியாதி பரவாமல் இருக்கக் கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொன்னார்கள்.

1929-ம் ஆண்டு மலேரியாவோடு வரும் கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மனைவி மலையை மறக்கவில்லை. முதுமையிலும் குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். 1974-ம் ஆண்டில் 95 வயதில் காலமானார். அவர்களுடைய மகன் பால் பிராண்டு வேலூரில் பெரிய டாக்டர். தொழுநோயால் முடங்கிய கைகளை ஆபரேஷன் செய்து விரிய வைத்தவர் அவர்தான்.

எல்லோரும் இப்படி ஆயுள் முழுவதும் இருக்கவேண்டும் என்று சொல்ல முடியாது. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வருகிறவர்களையும் குறை சொல்லவில்லை. பார்த்து ரசிக்கத்தானே அருவி! சுற்றுலாவைச் சுற்றுலா என்று சொல்லிவிட்டு வந்தால் வம்பே இல்லை. அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கும்போதுதான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

அனாதை விடுதி வியாபாரம்

கம்போடியாவில் நடந்தது நெஞ்சைச் சுடும்.

அங்கே வெளிநாட்டார் அனாதைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆசையோடு வந்தார்கள். நன்கொடையும் தந்தார்கள். விளைவு? 2005 முதல் 2010 வரை ஐந்தே ஆண்டில் அனாதை விடுதிகளின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. தங்கியிருந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது சுமார் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ, தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்!

ஏழைத் தாயிடம் "உன் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி அழைத்து வந்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டுமே! அன்பாக வந்தவரின் பணமே தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டது.

மகளுக்கு என்ன பதில்?

நாமகிரிப்பேட்டைத் தகப்பனார் மகளைத் திட்ட வேண்டியது இல்லை. நம்மவர்கள் வெளிநாட்டில் பாடம் நடத்தியதும் உண்டு. எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி சக்கரவர்த்தி காலத்தில் இந்திய ஆசிரியர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். ஒப்பந்தம் போட்டுப் போனார்கள். சம்பளம் வாங்கினார்கள். வருடக்கணக்கில் இருந்தார்கள்.

ஆகவே மகளிடம் சில கேள்விகளைக் கேட்கட்டும். பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன? தலைமை ஆசிரியர் நேரில் பேசினாரா, ஏஜெண்டு மட்டும்தான் பேசுகிறாரா? நீ வந்த பிறகு அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்? கட்டணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது? எந்த விசா?

கடைசிக் கேள்வி முக்கியம். தாய்லாந்தில் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினாலும் வேலை அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் நின்றால் பிடித்து அபராதம் போடுவார்கள். நாட்டை விட்டும் அனுப்புவார்கள்.

இன்னும் பெரிய ஆபத்து உண்டு. 2022-ம் ஆண்டில் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்தியர்களை மியான்மர் எல்லைக்குக் கடத்தினார்கள். மோசடி வேலை செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். தமிழ்நாட்டு வாலிபர்களும் அதில் சிக்கி, அரசு முயற்சியால் மீண்டார்கள். அன்று கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். நாளை அதே ஆள் இங்கிலீஷ் வாத்தியார் வேலை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை வெளியுறவுத் துறையின் "இ-மைக்ரேட்" இணையதளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுப்பதற்கு முன் அங்கே விசாரிக்க வேண்டும்.