சாலிஸ்பரி வெறும் பேருந்து நிறுத்தமல்ல

லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்கப் போகிறவர்களில் பலருக்குச் சாலிஸ்பரி என்பது ரயிலைவிட்டு இறங்கிப் பேருந்து பிடிக்கும் இடம், அவ்வளவுதான். இது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். அங்குள்ள பேராலயத்தின் ஊசிக் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் கிடையாது. அத்தனை கல்லும் சரளை மண்ணில், சுமார் நான்கடி அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. உள்ளே, 1386-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கடிகாரம். முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை, மணியடிக்கவென்றே செய்தது. பேராலயத்தை ஒட்டிய மண்டபத்தில் 1215-ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா. எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று. அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று எழுதி வாங்கிய அந்தத் தோல் ஏட்டை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடுவது என்ன பயணம்? நுழைவுக் கட்டணத்துக்குத் தயங்குகிறவர்கள் மாலை வழிபாட்டுக்குப் போகலாம். பாடகர் குழுவின் இசையைக் காசில்லாமல் கேட்கலாம். செவ்வாயும் சனியும் ஊர் நடுவே சந்தை கூடும். ஆற்றோரப் புல்வெளியில் நடந்தால், ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்து புகழ்பெறச் செய்த அதே கோபுரம் மரங்களுக்கு மேல் தெரியும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அரை நாள் போதும். சாலிஸ்பரியில் ஓர் இரவாவது தங்குங்கள்.