மழை நாளும் நல்ல நாளே



கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வருவோர் பெரும்பாலும் இரண்டு ஆசைகளோடு வருகிறார்கள். கடலில் கதிரவன் எழுவதைக் காண வேண்டும். படகேறிப் பாறைக்குச் செல்ல வேண்டும். வானம் இருண்டு மழை கொட்டினால் இரண்டும் கைகூடுவதில்லை. கடல் சீறினால் படகும் நின்றுவிடும். "வந்ததே வீண்" என்று விடுதி அறையில் பிள்ளைகளோடு முடங்கிக் கிடப்போர் பலர்.

ஆனால் இம்மாவட்டத்தில் மழைக்குத் தப்பி ஊர் சுற்றுவது எளிதன்று. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. நாஞ்சில் நாட்டுக் குளங்கள் நிறைவதும் வயல்கள் பசுமை பூணுவதும் அதனால்தான். ஆகவே மழையைப் பழிக்காமல், கூரையின் கீழ் இருந்து காண வேண்டியவற்றைக் காண்பதே அறிவுடைமை.

கூரை என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 1601ஆம் ஆண்டளவில் எழுந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மரால் விரிவாக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதி வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுவே. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறையால் பராமரிக்கப்படுகிறது.

பளிங்கு மாளிகையை எண்ணிச் செல்வோருக்கு அங்கே வியப்புக் காத்திருக்கிறது. அது மரத்தாலும் ஓட்டாலும் ஆன வீடு. மழையை எண்ணியே கட்டிய வீடு. ஓட்டுக் கூரைகள் செங்குத்தாகச் சரிந்து இறங்குகின்றன. சுவரையும் சன்னலையும் நனைய விடாமல் இறவாரம் வெளியே நீண்டு நிற்கிறது. மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் நாற்புறக் கூரைகளும் நடு முற்றத்தை நோக்கிச் சாய்கின்றன. வெயில் நாளில் செல்வோர் அந்தக் கூரையைப் பார்க்கலாம். அது செய்யும் வேலையை மழை நாளில் செல்வோர்தாம் பார்க்கிறார்கள்.

உள்ளே காலணியைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எரித்த தேங்காய்ச் சிரட்டையின் கரி, முட்டையின் வெண்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்த தரை அது என்பர். மந்திராலோசனை மண்டபத்தின் சன்னல்களில் வண்ண அப்பிரகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெப்பமும் தூசும் தடைபட, மெல்லிய ஒளி மட்டும் உள்ளே வருகிறது. அடுத்து, ஒரே வேளையில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ட ஊட்டுப்புரை. ஊறுகாய் இட்டு வைத்த பெரிய சாடிகளைக் கண்டால் நம் இல்லத்தரசிகள் அவ்விடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

அரண்மனையைச் சேர்ந்த தெற்குக் கொட்டாரம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வைத்திருப்பவை பழைய காலத்து வீட்டுப் பொருள்கள். வாசகர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கட்டணம் செலுத்தி, வரிசையில் நின்று, பிள்ளைகளுக்கு நாம் விரல் நீட்டிக் காட்டும் இத்தகைய பொருள்கள் நேற்று வரை நம் வீடுகளிலேயே இருந்தவை அல்லவா?

விருந்தினர் கைகழுவ நீர் வார்த்த கிண்டி, வெற்றிலைச் செல்லம், கோளாம்பி, நெய்ச்சோறு ஆக்கிய செம்பு, நால்வர் சுற்றி அமர்ந்து உண்ட சஹன் தட்டு, உம்மம்மா கலியாணத்துக்குக் கொண்டுவந்த மரப்பெட்டி ஆகியவை இன்று எங்கே? பெரும்பாலானவை பழைய பாத்திரக்காரரின் தராசில் ஏறிப் போய்விட்டன. அவர் பித்தளைக்கு விலை கொடுத்தார். அதைப் புழங்கிய கைகளுக்கு விலை கொடுக்கவில்லை. பொருளோடு அதன் பெயரும் போய்விட்டது. கிண்டி என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே வளர்கிறார்கள்.

இம்மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் தம் 'சாய்வு நாற்காலி' நாவலில் இதைத்தான் காட்டினார். பெருமை பேசும் ஒரு பழைய குடும்பத்தின் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகும் கதை அது. 1997இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வறுமையால் விற்பதை யாரும் குறை சொல்ல முடியாது. இடம் அடைக்கிறது என்பதற்காக விற்பதும், அறியாமையால் எறிவதும்தான் வருத்தத்துக்குரியவை.

பாத்திரம் போனாலும் ஒருவேளை வேறொன்று கிடைக்கும். அரபுத் தமிழில் எழுதிய ஏடு போனால் திரும்பாது. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த தலைமுறை, குறிப்பாக நம் பெண்கள், விட்டுச் சென்ற கையேடுகள் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. படிக்கத் தெரியாதவர் கைக்கு அவை பழைய காகிதமாகவே தோன்றும்.

காத்து வைக்கும் வழி அருங்காட்சியகம் ஒன்றே என்பதும் இல்லை. அதே தக்கலையில் அடக்கமாகியிருக்கும் பீர்முகம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி' ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுவதும் பலர் கூடிப் பாடப்படுகிறது. ஏட்டில் இருந்த பாடலை ஓர் ஊர் தன் நாவிலும் காத்து வருகிறது. புழக்கத்தில் இருப்பது அழிவதில்லை.

பிற்பகலில் மழை விட்டாலும் விடாவிட்டாலும் கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். நாகர்கோவிலின் கோட்டாற்றுக் கம்போளம் பழைய வணிகத் தலம். கிரேக்க அறிஞர் தாலமி குறித்த 'கொட்டியாரா' இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. காலையில் அரண்மனையைப் பார்த்த கண், மாலையில் கடையை வேறு விதமாகப் பார்க்கும். எங்கும் கிடைக்கும் நெகிழிப் பொம்மையை விட்டுவிட்டு, இம்மண்ணில் விளைவது எது, இங்குள்ளோர் கை செய்வது எது என்று தேடத் தோன்றும்.

வடசேரியில் சிவப்பும் பச்சையுமான கற்களைப் பதித்து நகை செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் அந்நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. மணம் மிக்க சிறிய மட்டிப் பழமும், இம்மாவட்டத்துக் கிராம்பும் அக்குறியீட்டைப் பெற்றிருக்கின்றன. நகையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கலாம். நகை செய்யும் கைத்திறனை அப்படிக் காக்க முடியாது. வாங்குவோர் இருந்தால்தான் தந்தையின் தொழிலை மகன் கற்பான். ஆகவே நாம் கொடுக்கும் பணமும் ஒரு வகைக் காவலே.

சில நடைமுறைக் குறிப்புகள்: அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கன்னியாகுமரியிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அரண்மனையின் படிகள் செங்குத்தானவை. முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். மழைக் காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும், அளவாக வாங்குங்கள். தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் வற்றலை வீடு சேர்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடுங்கள்.

ஊர் திரும்பியபின் ஒரு வேலை செய்வீர்களா? பிள்ளைகளை அழைத்துப் பரணில் உள்ளவற்றை இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் பெயர், யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்பதை வீட்டு மூத்தவரிடம் கேட்டு அவர்கள் கையாலேயே எழுதி வைக்கட்டும். பழைய ஏடு இருந்தால் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுக்கட்டும். சொல்லத் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பொருளை எப்போது வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். அதன் கதையை எந்தக் கம்போளத்திலும் வாங்க முடியாது.