ஏரியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள்

போன ஜூலையில் கனடாவின் வினிபெக் நகரில் மகள் வீட்டில் இருந்தோம். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிற ஊர். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "சும்மா ஜன்னலையே பார்த்துட்டு இருக்காதீங்கப்பா, பறவை பார்க்கப் போகலாம்" என்று ஒரு சனிக்கிழமை காலையில் மகள் காரில் ஏற்றிவிட்டாள்.

ஊரைத் தாண்டினால் மலையும் கிடையாது, மேடும் கிடையாது. ஒரு பக்கம் மஞ்சளாகப் பூத்த கனோலா, மறுபக்கம் கோதுமை. வடக்கே அரை மணி நேரம் போனால் ஓக் ஹாமக் மார்ஷ் என்ற சதுப்பு நிலம், 36 சதுர கிலோமீட்டர். கரைமேல் நடக்கும்போது நம்மூர் ஏரிக்கரையில் நடப்பதுபோலவே இருந்தது. தண்ணீருக்குள் ஆள் உயரச் சம்பங்கோரை. அதன் நுனியில் உட்கார்ந்து, தலை மட்டும் மஞ்சளாக ஒரு கரும்பறவை, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோலக் கத்தியது. தலைக்கு மேலே கறுப்பு ஆலாக்கள். தூரத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள். நாமக்கோழி ஒன்று குஞ்சுகளோடு போனதைப் பார்த்ததும் என் மனைவி, "இது நம்ம ஊர்ல பார்த்ததாச்சே!" என்றாள். நம்மூர் நாமக்கோழிக்கு அது சித்தப்பா பிள்ளை முறை. இந்தப் பறவைகள் குளிருக்குத் தெற்கே அமெரிக்கப் பக்கம் போகுமே தவிர நம் நாட்டுக்கு வருவதில்லை.

கொசு மட்டும் நம்மூர்க் கொசுவை மிஞ்சியது. கை, கழுத்து, காது என்று பிய்த்துவிட்டது.

"இவங்க எல்லாத்தையும் எவ்வளவு அழகா காப்பாத்தி வச்சிருக்காங்க" என்றேன். மகள் சிரித்தாள். பிறகுதான் கதை தெரிந்தது. ஒரு காலத்தில் அந்தச் சதுப்பு சுமார் 470 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்ததாம். குடியேறி வந்தவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உழுதுவிட்டார்கள். 1960களில் கொஞ்சம்தான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, நிலத்தை வாங்கி, கரை கட்டி, தண்ணீரை மறுபடி நிறுத்தியது. பறவைகள் திரும்பி வந்தன. 1987-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

"வெள்ளைக்காரன் ஊர்ல ஒழுங்கு பிறவியிலேயே வருது, நமக்கு வராது" என்று நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்கிறோம். அது தப்பு. அவர்களும் நம்மைப்போலவே அழித்தவர்கள்தான். போதும் என்று ஒரு நாள் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. 1980களில் சென்னைப் புறநகரில் நான் மனை வாங்கியபோது, "முன்னாடி ஏரி உள்வாய் சார், இப்பல்லாம் தண்ணியே வர்றதில்ல" என்று தரகர் சொன்னார். விலை மலிவு. ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கினேன். 2015 டிசம்பரில் ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது. கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். பீரோவில் இருந்த கல்யாண ஆல்பம் ஊறிப்போனது.

ஊர் திரும்பியதும் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு மனு கையெழுத்துக்கு வந்தது. ஏரியில் மிச்சமிருக்கிற கோரை மண்டிய மூலையைத் தூர்த்து, சமுதாயக் கூடம் கட்ட வேண்டுமாம். காரணம், கொசு வருகிறதாம். கொசுவுக்காக ஏரியைத் தூர்ப்பதென்றால் வினிபெக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சியிருக்காது. சாக்கடையை ஒழுங்காக மூடினாலே நம் கொசுவில் பாதி குறையும்.

என் வீட்டை இடித்து ஏரிக்குத் திருப்பித் தர எனக்கு மனசு வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மிச்சமிருக்கிற மூலையையும் தூர்த்தால், அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும்? மனுவைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். செயலாளருக்குக் கோபம். உங்கள் தெருவுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த ஏரிக்கரை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.